ஊசிமுனையில் சாம்பல் நிறம்

அத்தியாயம் 4

மருதமுத்துவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடிபடுவது திருப்புளிதான். அன்று காலை அது இரண்டு முறை சுவரில் மோதிவிட்டது.

காஜா பெராங் சாலையில் அவருடைய கடைக்கு வெளியே தொங்கிய பலகையில் ‘தையல் மிஷின் ரிப்பேர்’ என்று பெரிய எழுத்திலும், ‘துப்பறிதல்’ என்று சின்ன எழுத்திலும் எழுதியிருந்தது. தையல் மிஷின் நாளுக்கு நான்கு வரும். துப்பறியும் வேலை மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். போலீஸில் பதினான்கு வருஷம் துப்பறியும் கார்ப்பரலாக இருந்தவர், மேலதிகாரியின் மேஜையைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தது 1955-இல். இப்போது 1957, ஆகஸ்ட் இருபத்தேழு. சுதந்திரத்துக்கு இன்னும் நான்கே நாள். மலாக்கா முழுக்கத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மருதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மூன்றாவது தடவை எறியப் போறீங்கன்னா சொல்லுங்கண்ணே, நான் குனிஞ்சுக்கிறேன்” என்றாள் மல்லிகா.

மல்லிகா அவருடைய உதவியாளர். முன்பு டெலிபோன் ஆபரேட்டர். சந்தாதாரர்களுக்குப் பதில் சொன்ன அழகுக்காக வேலை போனவள்.

மேஜைமேல் விரித்த கைக்குட்டையின் நடுவே பேனா நீளத்தில் ஒரு பித்தளைக் கருவி கிடந்தது. முன்னால் கூரிய மூக்கு. மேலே சுண்டுவிரல் அளவு கிண்ணம். ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை. அடியில் ரப்பர்க் குழாய். விசையை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் அந்தக் காற்றோடு வர்ணம் பனி மாதிரி பறக்கும். ஏர்பிரஷ். மலாக்காவிலேயே நல்ல நிலையில் இருந்தது இது ஒன்றுதான். அதன் சொந்தக்காரன் அப்பாசாமி நேற்றிலிருந்து லாக்கப்பில் இருந்தான்.

அவனுடைய அக்காள் பொன்னம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரியும் தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லும்மா. ஒன்றும் விடாமல்” என்றார் மருதமுத்து.

“வெள்ளிக்கிழமை திறக்கிற சுதந்திரக் கண்காட்சிக்கு ஊரையே சின்னதா மரத்துல செஞ்சுக்கிட்டிருந்தான்ணே. ஆறு, பாலம், சிவப்புக் கட்டடம், திடல், திடலுக்கு நடுவுல புதுக் கொடி. மூணு மாச வேலை. நேத்து காலையில குழுக்காரங்க எல்லாம் பார்க்க வந்தாங்க. நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். கூரைக்குச் சிவப்பு அடிக்கிறேன் பாருங்கன்னு பிரஷ்ஷை எடுத்தான். முதல்ல ஒண்ணும் வரலை. கிண்ணத்துல குபுகுபுன்னு குமிழி. அப்புறம் ‘புஸ்’ஸுன்னு ஒரு துப்பல். திடல் பூரா, கொடி பூரா சிவப்பு.”

“உடனே?”

“செயலாளர் கருணாகரன் கத்தினாரு. ‘நம்ம கொடியில சிவப்பை ஊத்துறான், இவன் காட்டுக்காரங்க ஆளு, கம்யூனிஸ்டு’ன்னு. என் தம்பி நாப்பத்தெட்டுக்கு முன்னால தோட்டத்துல யூனியன்ல இருந்தவன். அதையும் அவரே சொன்னாரு. போலீஸ் வந்திருச்சு. வண்டியில ஏத்தும்போது, ‘அக்கா, பிரஷ்ஷுல என்னமோ இருக்கு, அதை எடுத்து வை’ன்னான். எடுத்து மடியில கட்டிக்கிட்டேன்.”

மருதமுத்து எழுந்து நடந்தார். கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க நாற்பத்தெட்டில் வந்த அவசரகாலச் சட்டம் அவருக்கு மனப்பாடம். வழக்கு கிடையாது, வக்கீல் கிடையாது, ஒரு கையெழுத்து போதும். இன்ஸ்பெக்டர் தம்பிராஜாவிடம் காலையிலேயே போய்க் கேட்டுவிட்டார். அப்பாசாமியும் அவனுடைய கோப்பும் மாலை நான்கு மணிக்குக் கோலாலம்பூர் போகின்றன. நாடு விடுதலையாகிற வாரத்தில் ஒருவன் கொட்டடிக்குப் போகப் போகிறான், ஒரு துப்பலுக்காக!

“கம்யூனிஸ்டு ஆளுன்னா டின்னோட ஊத்தியிருப்பான். பேனா நுனியால துப்புவானா?” என்றாள் மல்லிகா.

“இதை நீ அந்தத் தம்பிராஜாவிடம் சொல்லு.”

“சொன்னேனே, போன்ல. வச்சுட்டாரு. எனக்கு அது பழகிப்போச்சு.”

பக்கத்துச் சீனர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மருதமுத்து லோரி டயர் ஒன்றை உருட்டி வந்து, காற்றடித்து, ரப்பர்க் குழாயை அதன் வால்வில் மாட்டினார். அப்பாசாமியும் டயர்க் காற்றில்தான் வேலை செய்வான். கிண்ணத்தில் டர்பன்டைன் ஊற்றி விசையை அழுத்தினார். காற்று வந்தது. பின்னால் இழுத்தார். குபுகுபு. குமிழி. முன்னால் ஒரு துளிகூட வரவில்லை.

“காற்று சரி. விசை சரி. முன்னால் போக வழியில்லாமல் காற்று கிண்ணத்துக்குத் திரும்புகிறது. மூக்கு அடைபட்டிருக்கிறது” என்றார். ஊசியை உருவிக் கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினார். வளைவில்லாமல் ஓடியது. மூக்கைக் கழற்றி டர்பன்டைனில் ஊறப்போட்டார். முக்கால் மணி நேரம். எடுத்து ஊதினார். அடைப்பு அசையவில்லை. புது டர்பன்டைன் ஊற்றினார். அதற்கும் அசையவில்லை.

“அவன் எனாமல் வர்ணம்தானே அடிப்பான்?”

“எனாமல்தாண்ணே. தினமும் சாயங்காலம் டர்பன்டைன்ல கழுவி, பிரிச்சுத் துடைச்சு, பிஸ்கட் டின்னுல வச்சு கண்காட்சி மண்டபத்து அலமாரியில பூட்டிட்டுத்தான் வருவான். சனிக்கிழமையும் கழுவினான், நான் பார்த்தேன். ஞாயிறு அவன் அதைத் தொடவே இல்ல. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு என்னோட வந்தான்.”

“எனாமல் என்றால் டர்பன்டைனில் கரைய வேண்டுமே! கரைந்தே ஆக வேண்டுமே!” மருதமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஐந்து மணி நேரம். கடுகு அளவு ஓட்டை ஒரு மனிதனின் வாழ்க்கையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூக்கை எடுத்து வீசினார்.

அது சுவருக்குப் போகவில்லை. மூலையில் மல்லிகா கோப்பிக் குவளைகளைக் கழுவ வைத்திருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் ‘ப்ளக்’ என்று விழுந்தது.

“நல்லவேளை, குவளை தப்பிச்சது” என்று குனிந்த மல்லிகா அப்படியே நின்றாள். “அண்ணே. இங்க வாங்க.”

தெளிந்த வெந்நீரில், அந்தச் சின்ன மூக்கிலிருந்து நூல் மாதிரி ஒரு சாம்பல் நிறம் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தது.

மருதமுத்து விரலால் அலசினார். உள்ளேயிருந்து பொருக்கு கழன்றது. வெளிச் சுற்றில் கறுஞ்சாம்பல், அதற்குள் இளஞ்சாம்பல், அதற்கும் உள்ளே வெள்ளை. எடுத்து ஊதினார். விசில் மாதிரி காற்று பாய்ந்தது. முக்கால் மணி நேர டர்பன்டைனுக்கு அசையாதது அரை நிமிஷ வெந்நீருக்குக் கரைந்துவிட்டது.

“தண்ணி வர்ணம்” என்றார் மெதுவாக. “ஞாயிற்றுக்கிழமை யாரோ இதை எடுத்து, இதில் தண்ணீர் வர்ணம் அடித்து, சரியாகக் கழுவாமல் திரும்ப வைத்திருக்கிறான். அது காய்ந்து கல்லாகிவிட்டது. அதன்மேல் அப்பாசாமி சிவப்பை ஊற்றினான்.”

“அலமாரிக்கு ரெண்டு சாவிண்ணே. ஒண்ணு தம்பிகிட்ட, ஒண்ணு குழுவுல” என்றாள் பொன்னம்மா.

“குழுவில் ஒன்பது பேர். அதில் யார்?” மருதமுத்து பொருக்கை வெள்ளைத்தாளில் தட்டினார். “கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல். பச்சை இல்லை, நீலம் இல்லை. எதற்கு அடித்திருப்பான் மல்லிகா? உலகத்தில் எந்த இடத்தில் எல்லாமே சாம்பலாக இருக்கும்?”

“நம்ம போலீஸ்காரங்க மூளையில.”

“அப்புறம்?”

மல்லிகாவின் கண் விரிந்தது. “போட்டோவுல!”

மருதமுத்து சட்டையை மாட்டிக்கொண்டார். கண்காட்சிக் குழுவில் ஒரே ஒரு போட்டோக்காரர் இருந்தார். அவர் பெயர் சாமிநாதன். மாதிரி ஊர் செய்யும் வேலையைத் தனக்குக் கேட்டு, கிடைக்காமல் போனவர்.

சாமிநாதனின் ஸ்டூடியோ ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. மருதமுத்து இரண்டிரண்டு படியாக ஏறினார். கல்யாணப் படம் எடுக்க வந்திருந்த ஜோடி எழுந்து நின்றுவிட்டது.

“பிரஷ்ஷை எடுத்தது நீர்தானே?” பொருக்கு இருந்த தாளை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினார். “பொறாமையில் ஒருவனைக் கொட்டடிக்கு அனுப்பிவிட்டு இங்கே மாப்பிள்ளைக்குத் தலை சீவுகிறீரா?”

மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி, காரைக்குடிப் பக்கத்துப் பேச்சு. சாமிநாதன் பயப்படவில்லை. அவருக்கும் கோபம் வந்தது.

“சத்தம் போடாதிக. இந்தா, இங்கெ கொண்டாங்க.” பொருக்கை விரல் நுனியில் தேய்த்து மோந்து பார்த்தார். “டர்பன்டைன் வாடை அடிக்குது பாத்தியளா? தண்ணி வர்ணத்தை அடிச்சுப்பிட்டு டர்பன்டைன்ல கழுவியிருக்கான் ஒரு மடையன். முப்பது வருஷமாப் படத்துக்கு மெருகு போடுறவன் நான். என்கிட்ட வர்ற பயலுக்கு மொதோ நாள் சொல்றதே, தண்ணிக்குத் தண்ணி, எண்ணெய்க்கு எண்ணெய்ங்கிறதைத்தான். நான் எடுத்திருந்தா அப்பாசாமி கையில் பிரஷ் கண்ணாடியா இருந்திருக்கும். என்னைத் திருடன்னு வேணாச் சொல்லுங்க, பொறுத்துக்குவேன். தொழில் தெரியாதவன்னு சொன்னா இந்தப் படியில உருட்டி விட்டுருவேன்.”

மருதமுத்துவுக்கு முகம் சுட்டது. சரிதான். டர்பன்டைனில் கழுவி வைக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்த ஒருவன். அப்பாசாமி தினமும் கழுவுவதைப் பார்த்திருக்கிறான், அதையே செய்திருக்கிறான். தொழிலாளி இல்லை, வேடிக்கை பார்த்தவன்.

“மன்னிக்கணும்” என்றார். அந்தச் சொல் அவருக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

“ஐயா, அவரு மாசத்துக்கு ஒரு தடவைதான் அதைச் சொல்வாரு. வாங்கி வச்சுக்குங்க” என்றாள் மல்லிகா. “படத்துக்குச் சாம்பல் எப்படிக் கலக்குறதுன்னு உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?”

சாமிநாதனின் கோபம் சட்டென்று இறங்கியது. “கேட்டாக. மூணு வாரத்துக்கு முன்னாடி. வெள்ளை ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா வாங்கிக்கிட்டுப் போனாக. கலக்கிறதைச் சொல்லிக் கொடுத்தேன். கழுவுறதைக் கேக்கலை, நானும் சொல்லலை.”

“யார்?”

“நம்ம செயலாளர். கருணாகரன்.”

சாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கண்காட்சிக்குப் பழைய படம் பன்னெண்டு பெரிசு பண்ணிக் கொடுத்தேன். கூடவே அவருக்குத் தனியா ஒண்ணு, நாற்காலியில உக்காந்த மாதிரி. தலை என் கட்டைவிரல் அளவுதான் இருக்கணும்னு அளவு குறிச்சுக் கொடுத்தாக. இம்புட்டுப் பெரிய வீட்டுல இம்புட்டுச் சின்னத் தலையை எங்கெ மாட்டப் போறாகன்னு எனக்குச் சிரிப்பு.”

மருதமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“புரிந்துவிட்டது” என்றார் தெருவில். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றைக் கை தட்டி நிறுத்தினார். “ஜப்பான்காரன் காலத்தில் இந்தக் கருணாகரன் அவர்களுக்கு அரிசி கொடுத்தவன். ஊருக்கே தெரியும், வெளியில் சொல்ல ஆள் இல்லை. ஏதோ ஒரு படத்தில் ஜப்பான் ஆபீசர் பக்கத்தில் நிற்கிறான். சுதந்திர நாளில் அது மாட்டப்பட்டால் மானம் போகும். அதனால் தன்னை அழித்துவிட்டான். படத்தில் ஓர் ஆள் குறையும். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தால் போதும்.”

“தன்னைத்தானே அழிச்சுக்கிற அளவுக்கு நல்லவரா அவரு?” என்றாள் மல்லிகா.

மருதமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மணி இரண்டேகால்.

வழியில் கடையில் நிறுத்திப் பொன்னம்மாவையும் ஏர்பிரஷ்ஷையும் ஏற்றிக்கொண்டார்கள். மண்டபம் காஜா பெராங்கிலேயே, சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு பழைய பங்களா. நடுக்கூடத்தில் அப்பாசாமியின் சின்ன மலாக்கா மேஜைமேல் இருந்தது. தீப்பெட்டி அளவு வீடுகள், பல்குச்சியில் செய்த பாலத்துக் கம்பிகள். திடலின்மேல் சிவப்புத் துளிகள் காய்ந்து கிடந்தன. எதிர்ச் சுவரில் பன்னிரண்டு படங்கள் கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கின. இன்று காலைதான் மாட்டினார்களாம்.

கருணாகரன் வெள்ளைக் கோட்டில் நின்று, அப்பாசாமியின் கோப்பில் சேர வேண்டிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், மருதமுத்துவின் பழைய சகா.

“என்ன மருதமுத்து, இஞ்சயும் வந்திட்டீரோ? காலமை சொன்னதுதான். நாலு மணிக்கு ஆள் போகுது.”

“ஆளை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பிரஷ் தானாகத் துப்பியது. துப்ப வைத்தது இவர்.” சாம்பல் பொருக்கை மேஜைமேல் வைத்து, நடந்ததைப் படபடவென்று சொன்னார். தம்பிராஜா கவனமாகக் கேட்டார்.

கருணாகரன் சிரித்தார். கெட்டிக்காரத்தனமான சிரிப்பு இல்லை, நிஜமாகவே நிம்மதியான சிரிப்பு. அதுதான் மருதமுத்துவை உறுத்தியது.

“வர்ணம் வாங்கினேன், உண்மைதான். என் பேரன் படம் வரைவான். படத்திலிருந்து நான் என்னை அழித்தேன் என்கிறீர்கள். பன்னிரண்டு படமும் இதோ இருக்கிறது. எந்தப் படத்தில் ஆள் குறைகிறது? காட்டுங்கள்.”

மருதமுத்து முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். ஆற்றோரப் படகுகள். ரப்பர்த் தோட்டத்து ஆட்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பு. தோள்மேல் சொந்தக்காரன் இல்லாத கை இருக்கிறதா, நிழல் மட்டும் விழுந்து ஆள் இல்லாத இடம் இருக்கிறதா என்று ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தார். ஜப்பான் ஆபீசர் ஒருவனும் எந்தப் படத்திலும் இல்லை. ஓட்டை எங்குமே இல்லை. இல்லாத ஆளைத் தேடிய கண், இருந்த முகங்களில் நிற்கவே இல்லை. பன்னிரண்டாவது படம் முடிந்தபோது அவருடைய முதுகு நனைந்திருந்தது.

“முடிஞ்சுதோ?” என்றார் தம்பிராஜா. குரலில் கேலி இல்லை, வருத்தம் இருந்தது. “நீர் நல்ல ஆள். ஆனா கோவம் கண்ணை மறைக்குது. மூண்டே கால் ஆச்சு.”

மருதமுத்து முஷ்டியை இறுக்கினார். அடிக்கத் தோன்றியது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை. பொறாமைக்காரனைத் தேடிப் போய் ஒரு நல்ல மனிதரை அவமதித்தாகிவிட்டது. இப்போது ஓட்டையைத் தேடி வந்து கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். தன்மேலேயே வந்த கோபம் மற்ற எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தது.

“இவன் எதுக்கு அங்க உக்காந்திருக்கான்?”

பொன்னம்மாவின் குரல். சத்தமாக இல்லை. அவள் ஏழாவது படத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

படத்தில் ஏழு பேர். சட்டத்தின் கீழே அட்டை: ‘1945 செப்டம்பர். ஜப்பானியர் சிறையிலிருந்து மீண்ட மலாக்காத் தியாகிகள்.’ எலும்பும் தோலுமாக ஆறு பேர் நின்றிருந்தார்கள். இடக்கோடியில் நின்றவன் அப்பாசாமி. அவர்களுக்கு முன்னால், நடுவில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கருணாகரன்.

“அந்த நாற்காலியில ஆள் கிடையாது” என்றாள் பொன்னம்மா. “ஏழு பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க. ஆறு பேர் திரும்பினாங்க. வராதது எங்க வீட்டுக்காரர். கலியாணசுந்தரம். படம் எடுக்கிறப்போ அவருக்குன்னு நாற்காலி போட்டு மாலை வச்சாங்க. மாலை கட்டுனது நான். நான் அங்க நின்னேன். இவன் அந்தப் பக்கமே இல்ல.”



மருதமுத்துவின் மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் இடம் பிடித்தன. கட்டைவிரல் அளவு தலை. நாற்காலியில் உட்கார்ந்த படம். மல்லிகா ரிக்‌ஷாவில் ஏறும்போது கேட்ட ‘தன்னைத்தானே அழிச்சுக்கிற அளவுக்கு நல்லவரா அவரு?’ ஓர் ஆள் குறைவான படத்தை அவர் தேடியிருக்கிறார். இருந்ததோ ஓர் ஆள் அதிகமான படம்.

“பொய்! இவளுக்குத் தம்பியை மீட்க வேண்டும், என்ன வேண்டுமானாலும் சொல்வாள். அந்த ஆறு பேரைக் கேளுங்கள்” என்றார் கருணாகரன். நிம்மதி போய்விட்டிருந்தது.

“நாலு பேர் செத்தாச்சு. ஒருத்தர் தஞ்சாவூருக்குப் போயாச்சு. மிச்சம் ஒருத்தன்” என்றாள் மல்லிகா. “அவனைத்தான் நாலு மணிக்கு வண்டியேத்துறீங்க. ரொம்ப வசதி.”

மருதமுத்து ஏழாவது படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். சட்டத்தின் பின்புற ஆணிகளைத் திருப்புளியால் நெம்பினார். கருணாகரன் பாய்ந்து வந்தார். தம்பிராஜாவின் கை அவருடைய மார்பில் குறுக்கே விழுந்தது.

“நில்லும். பார்ப்பம்.”

கண்ணாடி விலகியது. மருதமுத்து கட்டைவிரலை நாக்கில் நனைத்து, படத்தில் கருணாகரனின் வலது தோளுக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்தார். விரல் சாம்பலானது. இன்னொரு முறை தேய்த்தார். தோளின் ஓரம் கத்தரிக்கோல் வெட்டாகத் தெரிந்தது. ஒட்டின தாள். அதற்கு வெளியே, சாம்பல் பனி விலக விலக, நாற்காலியின் சாய்வுக் கட்டை வந்தது. கட்டையில் சுற்றிய நாரும் நாலைந்து பூவும் வந்தன.

மாலை.

பொன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அழிக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறான்” என்றார் மருதமுத்து. “செத்தவன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். எதற்கு? வெள்ளிக்கிழமை பெரிய மனிதர்கள் வந்து தியாகி என்று மாலை போடுவார்கள், அடுத்து நகரசபைக்கு நிற்கலாம், அதற்குத்தானே?”

கருணாகரன் நாற்காலியைத் தேடிக் கையால் துழாவினார். “அவன் வேலையைக் கெடுக்க நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக. பிரஷ் அடைத்துக்கொண்டது. டர்பன்டைனில் கழுவி வைத்தேன். மறுநாள் அது துப்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. துப்பியது பிரஷ்ஷின் கோளாறு. அதைப் பார்த்த மறு நொடி ‘காட்டுக்காரங்க ஆளு’ என்று கத்தியது யார்? அந்தப் படத்தில் நின்றவர்களில் இங்கே மிச்சமிருக்கும் ஒரே ஒருவன் உன் எதிரில் நின்றான். வாய்ப்பு வந்தது, அவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.”

தம்பிராஜா கையெழுத்தான தாளை எடுத்தார். இரண்டாகக் கிழித்தார். பிறகு போனுக்குப் போய் நிலையத்தை அழைத்து, அப்பாசாமியை உடனே மண்டபத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

“கருணாகரன், நீர் என்னோட வாரும். பொய்ப் புகார், மோசடி, மிச்சத்தை ஸ்டேசனில எழுதுவம்.”

“பின்பக்கமாகப் போகலாமா, இன்ஸ்பெக்டர்? வெளியே தோரணம் கட்டுகிறவர்கள் எல்லாம்…”

“முன்வாசல் வழியாத்தான் போகணும்” என்றாள் பொன்னம்மா. “என் தம்பியை அப்படித்தான் கூட்டிட்டுப் போனீங்க.”

முன்வாசல் வழியாகவே போனார்கள்.

சாமிநாதனுக்கு ஆள் அனுப்பியிருந்தார் தம்பிராஜா. அவர் பெட்டிக் கேமராவோடு வந்து, பாதி அழிந்த படத்தைச் சாட்சிக்காக மூன்று கோணத்தில் எடுத்தார். “ஒட்டினதுகூடச் சரியில்லை. கஞ்சிப் பசை” என்று முணுமுணுத்தார்.

நான்கு மணி அடிக்கும்போது அப்பாசாமி உள்ளே வந்தான். நேற்றுப் போட்ட அதே சட்டை. வலது கை ஆள்காட்டி விரல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. கூட்டி வந்த கான்ஸ்டபிள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“யார் செய்தது இது?” மருதமுத்து கான்ஸ்டபிளை நோக்கிப் போனார். மல்லிகா அவருடைய கையைப் பிடித்தாள்.

“விடுங்கண்ணே” என்றான் அப்பாசாமி. “பேரு எனக்குத் தெரியும். நாளைக்கு எழுதிக் கொடுக்கிறேன். பிரஷ் எங்க?”

மருதமுத்து எடுத்துக் கொடுத்தார். அவன் மூக்கைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். திருகு மரைக்குத் தேன்மெழுகு தடவித் திரும்ப முடுக்கினான். கிண்ணத்தில் சிவப்பு ஊற்றி, வீங்கிய விரலை ஒதுக்கிவிட்டு நடுவிரலால் விசையை அழுத்தி, பழைய செய்தித்தாள்மேல் இழுத்தான். மயிரிழை மாதிரி ஒரு கோடு, குமிழியில்லாமல், நடுங்காமல் விழுந்தது.

பிறகுதான் அவன் கண் மேஜையில் கிடந்த படத்தின்மேல் போனது. பார்த்தான். அக்காளைப் பார்த்தான்.

“அக்கா, சிவப்பைக் கழுவிட்டு வரேன். கறுப்பும் வெள்ளையும் கரைச்சு, அந்த மாலையை முழுசாப் போட்டுத் தரேன். அப்புறம்தான் இவங்களோட இந்தச் சின்ன ஊரு வேலை.”

“வேணாம்” என்றாள் பொன்னம்மா. “அதுமேல வர்ணம் அடிச்சது போதும்.”

முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த கருணாகரனின் வெள்ளைக் கோட்டை ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். பசை இளகித் தாள் சுருண்டது. அவசரப்படவில்லை. ஒவ்வொரு பூவாக வெளியே கொண்டுவந்தாள்.

“நீ கூரையை முடி. வெள்ளிக்கிழமைக்கு நடுவுல ரெண்டு நாள்தான் இருக்கு” என்றாள், தலை நிமிராமல்.

அப்பாசாமி சின்ன மலாக்காவின்மேல் குனிந்தான். காற்று சீராக இரைந்தது.